வேலை செய்யாத விரலுக்குத் தங்க மோதிரம்

கதம் சாகிப் அந்தக் கடிதத்தை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, இரண்டே விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

“தங்கராஜ், யே க்யா ஹை?” இது என்ன என்று கேட்கிறார்.

அவர் எங்கள் பிரிவின் சூப்பிரண்டு. கோபம் வந்தால் ஹிந்தி பேசுவார், ரொம்பக் கோபம் வந்தால் மராத்தி. ஹிந்தியில்தானே ஆரம்பித்திருக்கிறார், பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கடிதம் நான் டைப் அடித்ததுதான். மழையில் கிடங்குக் கூரை ஒழுகுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று தலைமை அலுவலகத்துக்குப் போன கடிதம். ஒழுகலைப் பற்றி உருக்கமாக மூன்று பத்தி. அதற்குக் கீழே, சாகிபின் கையெழுத்துக்குச் சற்று மேலே, ஒன்றரை வரிக்கு இப்படி இருந்தது:

;l;l;l;l;l;l;l;l;l;l;l;l

சாகிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். தலைமை அலுவலகத்தில் எவனோ பார்த்துத் தொலைத்துவிட்டான். கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: ‘இந்தச் சங்கேதக் குறியின் பொருள் என்ன? இதற்கு அனுமதி அளித்தது யார்?’

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! தண்ணீர் வாளி வாளியாக இறங்குகிறது, அதைக் கேட்க நாதியில்லை. ஒரு அரைப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் விசாரணை நடத்துகிறார்கள். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“போலோ,” என்றார் சாகிப். சொல்லு.

எனக்கு உண்மையைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. “சார், அது பியானோ.”

சாகிப் மராத்திக்கு மாறினார்.

எட்டு ஹமால்களும் ஒரு பெட்டியும்

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எனக்கு நாற்பத்தோரு வயது. ஒரு அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் (எந்த அலுவலகம் என்று சொன்னால் பென்ஷன் ஆட்டம் காணும்). புனே பக்கம் தேஹு ரோட்டில் ஒன்றரை அறைக் குவார்ட்டர்ஸ். அந்த அரை அறையில்தான் பியானோ இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் அதை விட்டுச் சென்றது. சர்ச்சில் தமிழ் ஆராதனையில் நான் ஆர்மோனியம் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட பிறகும் பியானோவைக் கொடுத்தார்கள் என்றால் எவ்வளவு நல்ல மனம் பாருங்கள். எட்டு ஹமால்கள் அதைத் தூக்கி வந்தார்கள். வழி முழுக்க என் குலத்தை மராத்தியில் வாழ்த்திக்கொண்டே வந்தார்கள்.

என் மனைவி செல்வி வாசலில் நின்று பார்த்தாள். பாளையங்கோட்டைக்காரி. புனேயில் பதினைந்து வருஷம் இருந்தும் பேச்சில் ஒரு சொட்டு மாறவில்லை.

“என்னங்க இது, சவப்பெட்டி மாதிரி?”

“பியானோ.”

“திவான் போட வச்சிருந்த எடம்லா அது?”

மகாராஷ்டிரத்தில் ஒரு குடும்பம் கௌரவமாக வாழ்கிறது என்பதற்கு அடையாளம் திவான். பகலில் சோபா, இரவில் கட்டில், உள்ளே பழைய போர்வை. அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் பியானோ ஸ்டூலில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்கள். செல்வி ஒரு வருஷம் பொறுத்தாள். பியானோ மேல் அப்பளம் காயவைத்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

“ஒரு பரீட்சை பாஸ் பண்ணிக் காட்டுங்க, பொட்டி இங்கனயே இருக்கட்டும். பெயில் ஆனீயன்னா மறுநாளே ஹமாலக் கூப்பிட்டு வெளிய ஏத்திருவேன். சரியா?”

நான் சரி என்றேன். அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னேன். நான் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. எனக்கு விரல் வித்தையில் பரீட்சையா?

ஒரு சின்னச் சோதனை

லண்டன்காரர்கள் வருஷா வருஷம் இங்கே வந்து நடத்தும் பியானோ பரீட்சை அது. அதற்கு மூன்று பாட்டு. இரண்டு பாட்டோடு எனக்குப் பகையில்லை. மூன்றாவதில் ஒரு ‘ட்ரில்’ இருந்தது. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பதுதான் ட்ரில். சைக்கிள் மணி மாதிரி கிணுகிணுவென்று வர வேண்டும். பலமுள்ள விரல்களால் வாசித்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கீழே வேறு இரண்டு கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே கிணுகிணுக்க மிச்சம் இருப்பது கையின் சோம்பேறிகள் மட்டும்.

பியானோக்காரர்கள் விரலுக்கு எண் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. நாலாவது மோதிரவிரல். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

நீங்களே பாருங்கள். பத்திரிகையைக் கீழே வையுங்கள். உள்ளங்கையை மேஜை மேல் பதியுங்கள். நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளங்கைக்கு அடியில் செருகுங்கள். இப்போது மோதிரவிரலைத் தூக்குங்கள்.

என்ன, அசைய மாட்டேன் என்கிறதா? என் கோபம் இப்போது புரிகிறதா?

இந்த விரலுக்கு என்று தனியாக ஒரு வேலை உண்டா? சோறு அள்ளும்போது கூட்டத்தோடு வந்து நிற்கும். கையெழுத்துப் போடும்போது பேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனால் கல்யாணத்தில் தங்க மோதிரம் யாருக்கு? இதற்குத்தான். உழைக்கிற கட்டைவிரலுக்கு ஒரு பித்தளை வளையம் உண்டா? எங்கள் அலுவலகத்தில் புரமோஷன் கொடுப்பதும் இதே முறையில்தான்.

“அஞ்சு வெரலும் ஒண்ணா இருக்குமாங்க?” என்றாள் செல்வி.

அந்தப் பழமொழியைச் சொன்னவன் டைப் இன்ஸ்டிடியூட் வாசலை மிதிக்காதவன். பாளையங்கோட்டையில் எங்கள் டைப் வாத்தியார் கையில் மர ஸ்கேல் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரல், அந்த விரலுக்கு அந்த எழுத்து. வேறு விரலை வைத்து அடித்தால் முட்டியில் விழும். இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு விரல் முழுசாக எழும்பிய பிறகுதான் அடுத்த விரல் இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் மெஷினின் எழுத்துக் கம்பிகள் நடுவழியில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கையை விட்டுப் பிரிக்க வேண்டும். விரலெல்லாம் மை, முட்டியில் இன்னொரு அடி.

அங்கே ஐந்து விரலும் ஒன்றுதான். ஆக்கிவிடுவார்கள்.

“ரிலாக்ஸ் அங்கிள்!”

எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தது ஷெரின். என் சர்ச் நண்பரின் மகள். இருபத்திரண்டு வயது, புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைப் புது ஸ்கூட்டர் ஓட்டுவது போலப் பேசுவாள், நடுநடுவே காலை ஊன்றிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லோக்கல் ரயில் பிடித்து, புனே கேம்ப் பகுதியில் அவள் வீட்டுக்குப் போவேன்.

முதல் நாளே அந்த ட்ரில்லுக்கு மேல் பென்சிலால் ஏதோ எண்களைக் கிறுக்கிக்கொடுத்தாள்.

“அங்கிள், இங்க நா விரல் எழுதியிருக்கேன். வீட்ல போய் பாருங்க, ஹா?”

விரலைப் பற்றி எனக்கா! அடுத்தடுத்த கட்டை, அடுத்தடுத்த விரல்; நாலும் ஐந்தும்தான் அவற்றுக்கு நேராக நிற்கின்றன. இதற்கு எதற்கு எழுத்து? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டைப்பிஸ்டுகள் வைத்திருக்கும் கெட்டி ரப்பரை எடுத்துத் தேய்த்து அழித்துவிட்டேன். அந்த ரப்பர் எழுத்தோடு காகிதத்தையும் கொஞ்சம் சாப்பிடும். பரவாயில்லை, பக்கம் சுத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டினேன். ஷெரின் என் கையைக் குனிந்து பார்த்தாள்.

“அங்கிள், நாலும் அஞ்சுமா போடறீங்க? பக்கா?”

“பக்கா.”

“முஷ்கில் ஆகும் நா?” கஷ்டமாகுமே என்கிறாள்.

“நான் ஹையர் பாஸ்மா.”

“உங்க மர்ஸி,” என்றாள். உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். அப்போதே அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு அவள் சொன்னதெல்லாம் எனக்கு எரிச்சல். மெதுவாகத் தொடங்குங்கள், ஒரு தாளத் தட்டுக்கு நாலு தடவை, அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு. விரலைத் தூக்காதீர்கள், கட்டை மேலேயே படுத்திருக்கட்டும். பல்பு மாட்டும்போது முன்கை லேசாகத் திரும்புமே, அப்படித் திரும்பட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மந்திரம்: “ரிலாக்ஸ் அங்கிள்! அரே, ரிலாக்ஸ்!”

ரிலாக்ஸ் என்று அதட்டினால் எவனுக்கய்யா ரிலாக்ஸ் வரும்?

நான் என் வழியில் போனேன். பலம் இல்லாதவனுக்குப் பலம் கொடு, அதுதானே நியாயம்? மோதிரவிரலில் ரப்பர் பேண்டு மாட்டி நூறு தடவை இழுத்தேன். பந்தைப் பிசைந்தேன். லோக்கல் ரயிலில் டிபன் டப்பா மூடி மேல் தட்டிக்கொண்டே போனேன். எதிர் சீட்டுக்காரர் மெதுவாக எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார். அலுவலக மீட்டிங்கில் மேஜையைத் தட்டியதால், கதம் சாகிப் பேச்சை நிறுத்தி, “ஜல்தி ஹை க்யா?” என்று கேட்டார். அவசரமா என்று.

இரண்டு மாதத்தில் முன்கை வீங்கியது. ஒருநாள் காலையில் கண்ணாடிக் காப்பி தம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது. செல்வி தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்வையால் அளந்தாள்.

“ஆறு அடி திவான் சரியா இருக்கும்,” என்றாள்.

ட்ரில்? அது சைக்கிள் மணி மாதிரி வரவில்லை. ஒரு கால் நொண்டிக் குதிரை தகர ஷெட்டில் ஓடுவது போல வந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அந்தக் கலக்கத்தில்தான் அலுவலக டைப் மெஷினில் பயிற்சி செய்தேன். அரைப்புள்ளி சுண்டுவிரலுக்கு, பக்கத்து எழுத்து மோதிரவிரலுக்கு. சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட தாளில் அடிப்பேன். அன்றைக்கு மெஷினில் இருந்தது கழித்துப் போட்ட தாள் இல்லை, கூரைக் கடிதம்.

கம்ப்யூட்டர் தண்டனை

சாகிப் ஐந்து நிமிஷம் மராத்தியில் பேசினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “தெரியாமல் விழுந்த எழுத்து என்று விளக்கம் எழுதிவிடுகிறேன். உன்னிடம் இனி மெஷின் கிடையாது. நாளையிலிருந்து கம்ப்யூட்டர். அதில் தப்பை அழிக்கலாம்,” என்றார்.

எங்கள் பிரிவுக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கென்று ஒரு அறை, அறைக்கு ஒரு திரை, செருப்பை வெளியே விட வேண்டும். கோயில் மாதிரி. சாகிப்புக்கு அதை இயக்கத் தெரியாது. ஆனால் காவல் மட்டும் அவரே காத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஹையர், முதல் வகுப்பு! என்னைப் போய் இந்தப் பிளாஸ்டிக் பலகை முன்னால் உட்காரவைப்பதா? இருபது வருஷப் பழக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். சாகிப் பதறிப்போய் என் தோளைப் பிடித்தார்.

“அரே, ஹளூ! ஹளூ!”

மராத்தியில் மெதுவாக, பதமாக என்று அர்த்தம். தூங்கும் குழந்தையைத் தூக்குகிறவர்களிடம் சொல்வார்கள்.

மறுபடி அடித்தேன். “ஹளூ!” மறுபடி. “ஹளூ ரே பாபா, நயா ஹை!” புதுசாம்.

ஒரு வாரம் பின்னால் நின்று ஹளூ சொன்னார். சொல்லச் சொல்ல என் கை அடங்கியது. வேறு வழி? இதில் விரலைத் தூக்கவே வேண்டியதில்லை. மேலே வைத்து, நினைத்தால் போதும். இரண்டு விரல் சேர்ந்து விழுந்தாலும் ஒன்றும் சிக்கவில்லை. கம்பியே கிடையாதே, எது சிக்கும்?

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பியானோவிலும் கம்பி சிக்காது! எனக்கு அது தெரியும், என் விரலுக்குத் தெரியாது. ஐந்தாவது விரல் இறங்கும்போதெல்லாம், எங்கே மோதிவிடுமோ என்று பயந்து நாலாவது விரல் வானத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை ஸ்கேல் புனே வரை நீண்டு வந்து முட்டியில் நின்றிருக்கிறது. அந்த விரலுக்கு இருந்தது பயம். நான் இரண்டு மாதமாக அதற்குக் கசரத்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பியானோ முன் உட்கார்ந்து இரண்டு விரலையும் கட்டை மேலேயே படுக்கவைத்தேன். ஒரு தட்டுக்கு நாலு. முன்கையை பல்பு மாட்டுவது போல லேசாகத் திருப்பினேன். அதாவது ஷெரின் முதலிலிருந்து தொண்டை கிழியச் சொன்னதை எல்லாம் செய்தேன். ஹளூ, ஹளூ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், பட்டாணி உரித்துக்கொண்டிருந்த செல்வி தலையைத் தூக்கினாள்.

“யாரு பெல்லடிக்கா?”

அதைவிட நல்ல விமரிசனம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

நான்தான் அந்தப் பச்சா

பரீட்சை கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். வெளியே பெஞ்சில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான், மடியில் டிபன் டப்பா. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பரிவாகக் கேட்டார், “ஆப்கா பச்சா அந்தர் ஹை க்யா?” உங்கள் பிள்ளை உள்ளே போயிருக்கிறதா என்று.

“நான்தான் அந்தப் பச்சா,” என்றேன். பிள்ளைகள் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள்.

பரீட்சகர் இங்கிலாந்துக்காரர். நாசூக்கான மனிதர், ஆனால் புனேத் தூசியில் தும்மிக்கொண்டே இருந்தார். முதல் பாட்டில் இரண்டு கட்டையைத் தவறவிட்டேன், அவர் எழுதினார். இரண்டாவதில் ஒன்று, எழுதினார். மூன்றாவதில் ட்ரில் நெருங்க நெருங்க எனக்குத் திவான் தெரிந்தது. பச்சை உறை போட்ட, ஆறடி திவான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கீழே அழுத்திக்கொண்டன. ஹளூ என்றேன், உதடு அசையாமல்.

கிணுகிணுவென்று வந்தது. அந்த மனிதர் பென்சிலை நிறுத்திவிட்டு என் கையை எட்டிப் பார்த்தார். என் வாழ்நாளில் ஒரு வெள்ளைக்காரர் என் மோதிரவிரலைப் பார்த்து வியந்தது அன்றைக்குத்தான் என்று, அடுத்த சில மாதங்களுக்கு அலுவலகத்தில் ஒருவரையும் விடாமல் சொன்னேன்.

முடிவு தபாலில் வந்தது. பாஸ். சும்மா இல்லை, மயிரிழையில் பாஸ். பியானோ பிழைத்தது. நான் அறையின் நடுவில் நின்று, பரீட்சகரின் குறிப்பைச் செல்விக்குத் தமிழில் மொழிபெயர்த்துப் படித்தேன்.

“‘ட்ரில் சீராக இருந்தது. இதை நாலாம், ஐந்தாம் விரல்களால் வாசித்தது வீரச் செயல்.’ கேட்டியா? வீரம்!”

“மிச்சத்தையும் படிங்க.”

“‘பொதுவாக எல்லாரும்...’” மிச்சத்தை வாய்க்குள்ளேயே படித்தேன்.

‘பொதுவாக எல்லாரும் இந்த இடத்தில் மூன்றாம், ஐந்தாம் விரல்களை வைத்துச் சுலபமாக வாசித்துவிடுவார்கள்.’

நடுவிரல்! சும்மா நின்றுகொண்டிருந்த, கல்லுக்குண்டு மாதிரியான நடுவிரல்! அடுத்த கட்டையை அடுத்த விரல்தான் தொட வேண்டும் என்று பியானோவில் எந்தச் சட்டமும் கிடையாதாம். அந்த ஸ்கேல் சட்டத்தை நானாகவே பாளையங்கோட்டையிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். வீங்கின கை, உடைந்த தம்ளர், சிவப்பு மை, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த அந்த அறை, எல்லாம் இதற்கா?

அடுத்த ஞாயிறு ஷெரின் வீட்டில் நான் போட்ட சத்தத்தில் அவர்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“உனக்குத் தெரியும்ல? ஏம்மா சொல்லல?”

“அய்யோ அங்கிள், நா எழுதிக் குடுத்தேனே! முதல் நாளே. த்ரீ-ஃபைவ், பென்சில்ல. நீங்க நாலு-அஞ்சு போட்டீங்க. நா பக்கான்னு கேட்டேன். நீங்க பக்கா சொன்னீங்க!”

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தேன். ரப்பர் தின்று மெலிந்துபோன காகிதத்தில், பென்சில் அழுத்தின தடம் அப்படியே இருந்தது. ஒரு மூன்று. ஒரு ஐந்து. மறுபடி ஒரு மூன்று. பிள்ளை அழகாகத்தான் எழுதியிருந்தாள்.

செல்வி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏங்க, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“இத ரப்பர் வச்சு அழிச்சீயள்லா, அப்ப எந்த வெரலப் போட்டீய?”

நான் கையைப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். ஒத்தாசைக்கு நடுவிரல். மோதிரவிரல் அன்றைக்கும் சும்மாதான் இருந்திருக்கிறது.